காட்டு வழி கேள்வி – பதில்: பிள்ளைகளோடு அருவிக்கு நடக்க

பதில் சொல்பவர் தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் பசுமைப் படைப் பிள்ளைகளை ஆண்டுதோறும் மலைக்கும் ஆற்றங்கரைக்கும் நடத்திக் கூட்டிப்போனவர். பிறந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம்.

கேள்வி: எங்களுக்கு ஒன்பது வயதில் மகனும் ஐந்து வயதில் மகளும் இருக்கிறார்கள். காரில் போய் இறங்கி, குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அலுத்துவிட்டது. மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரமாவது நடந்துபோய் ஓர் அருவியைப் பார்க்க வேண்டும். சின்னவளால் முடியுமா? எங்கே போகலாம் டீச்சர்?
— வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடக்கத் தெம்பு உண்டு. ஆனால் நாம் நடக்கிற மாதிரி நடக்காது. பத்தடி ஓடும், எறும்புப் புற்றைக் கண்டால் உட்கார்ந்துவிடும், ஒரு குச்சியைப் பொறுக்கும், அதைத் தொலைத்துவிட்டு அழும். பெரியவர்கள் அரை மணியில் முடிக்கிற பாதைக்கு அவளோடு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போக வரச் சேர்த்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் முதல் தடவையிலேயே ஆசைப்பட வேண்டாம். அண்ணன்காரன் இரண்டு மடங்கு நடப்பான். ஆனாலும் அன்றைய நடைக்கு அளவு சின்னவளின் கால்தான். நீங்கள் முன்னால் போய் நின்றுகொண்டு "வா வா" என்று கூப்பிட்டால் அவளுக்குக் காடே பிடிக்காமல் போய்விடும். அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து பாருங்கள்.

இடம் கேட்டீர்கள். உங்களுக்கு முதலில் தீர்த்தமலையைச் சொல்வேன். அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மலையின் நடுவே தீர்த்தகிரீஸ்வரர் கோயில். அடிவாரத்திலிருந்து படியும் சரிவுமாக ஏறிப் போக வேண்டும். மேலே பாறை முகட்டிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. கோடையிலும் நிற்காத நீர். குற்றாலம் மாதிரி கொட்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், மெல்லிய தாரைதான். ஆனால் மூச்சு வாங்க ஏறிப்போன பிள்ளையின் தலையில் அந்தக் குளிர்ந்த நீர் விழும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! ராமர் பூசைக்காக அம்பெய்து வரவழைத்த நீர் என்று தலபுராணக் கதை. அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி என்று வேறு தீர்த்தங்களும் உண்டு. ஆளரவம் உள்ள கோயில் பாதை, வழி தவறாது, முடியாவிட்டால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். சிறு பிள்ளைகளோடு முதல் நடைக்கு இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பாறை பிள்ளைகளின் காலைச் சுட்டுவிடும். குரங்குகள் அதிகம், கையில் பை தெரிய வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஏறிப் போய்ப் பார்க்கிற அருவி வேறு, இறங்கிப் போய்ப் பார்க்கிற அருவி வேறு. தீர்த்தமலையில் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். கொல்லிமலை ஆகாய கங்கையில் அப்படியே தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கும்போது பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு ஓடும். குளித்து, பசித்து, கால் கனத்த பிறகு அத்தனையையும் ஏற வேண்டும். அப்போது அவள் உங்கள் இடுப்பில்தான் இருப்பாள். ஏற்காடு கிளியூர் அருவியும் இந்த வகைதான். மகனுக்குப் பன்னிரண்டு வயது ஆகட்டும், அப்புறம் ஆகாய கங்கைக்குப் போங்கள். அற்புதமான இடம், அவசரப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் பக்கத்து மாவட்டங்களில் இரண்டு இடங்கள் உண்டு. திருப்பத்தூரிலிருந்து 14 கிலோமீட்டரில் ஜலகாம்பாறை. ஏலகிரி மலையில் பிறக்கிற ஆறு அங்கே விழுகிறது. மலையுச்சியிலிருந்தும் அதற்கு ஒரு நடைபாதை இறங்குகிறது, அது பெரியவர்களுக்கு. நீங்கள் கீழ்ப்பக்கமாகப் போங்கள். இன்னொன்று ஆத்தூர் அருகே முட்டல் ஏரியும் ஆனைவாரி அருவியும். வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா இடம் என்பதால் அனுமதி, காவல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கோடையில் இந்த இரண்டுக்கும் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அஞ்செட்டி காட்டுக்குள் யாருக்கும் தெரியாத அருவி ஒன்று இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். நண்பர்கள் பைக்கில் போய் வந்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். மனைவி, குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம் தம்பி. இதை நான் தயவாகவே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்கிற அந்தப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014-இல் அறிவித்தார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்தது. அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் கால் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அபராதமும் வழக்கும் இருக்கட்டும், அது இரண்டாவது விஷயம். அது யானை நடக்கிற நிலம் என்பதுதான் முதல் விஷயம்.

நான் பிறந்த ஊரில் கேழ்வரகு கதிர் வாங்கும் காலத்தில் ஆண்கள் கொல்லையில் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். என் அப்பாவும் இருந்திருக்கிறார். யானை வருவது தெரியவே தெரியாது என்பார் அவர். அத்தனை பெரிய உடம்பு, காய்ந்த சருகின்மேல் சத்தமில்லாமல் வந்து நிற்கும். பிறந்ததிலிருந்து காட்டோரம் வாழ்ந்தவருக்கே அப்படி. பைக் சத்தத்தோடு போகிறவருக்கு, அதுவும் இடுப்பில் குழந்தையோடு போகிறவருக்கு, என்ன தெரியும்? ஓடையும் அருவியும் மனிதருக்கு முன்னால் யானைக்கும் கரடிக்கும் சிறுத்தைக்கும் தண்ணீர் குடிக்கிற இடம். நண்பர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அன்றைக்கு அங்கே யானை இல்லை, அவ்வளவுதான். செல்போனில் சிக்னல் இல்லாத இடத்தில் பிள்ளைக்குக் கால் பிசகினால்கூட யாரைக் கூப்பிடுவீர்கள்?

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மலையேறப் போன இளம் பிள்ளைகள் அவர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் என்னால் சரியாகப் பாடம் நடத்த முடியவில்லை. அதன்பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனியாக விதிகள் கொண்டுவந்தது. நம் பக்கத்துக் காடு இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் முழங்கால் அளவு சருகு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும்.

நடக்க ஆசை இருந்தால் நேரான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் மக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வழித்தடங்கள் உண்டு. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே பாருங்கள். குழந்தையோடு போவதானால் எளிது என்று குறித்ததை மட்டும் எடுங்கள், பதிவு செய்யும்போதே வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டி ஒரு மரத்தின் பட்டையைத் தொட்டு, கரடி ஏறிய நகக்கீறலைக் காட்டுவார். வீடியோ எடுத்தவருக்கு அந்தக் கீறல் கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: போன ஆடி மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். தர்மபுரியிலும் பென்னாகரத்திலும் ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் கொளுத்தியது. ஆனால் வெள்ளம் என்று சொல்லி அருவியில் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் அழுதே விட்டார்கள். மழையே இல்லாமல் எப்படி வெள்ளம்?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: பிள்ளைகள் அழுதது வருத்தம்தான். ஆனால் தடை போட்டவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் ஐயா.

ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீரில் பெரும்பங்கு நம் ஊர் மழை இல்லை. காவிரி குடகு மலையில் பிறக்கிறது. அதோடு சேர்கிற கபினிக்கு வயநாட்டில் பிறப்பு. தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடியில் அந்த மலைகளில் கொட்டும்போது கிருஷ்ணராஜசாகரும் கபினி அணையும் நிரம்பும். நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் நம் எல்லைக்கு வந்து சேரும். இங்கே அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்துக் கிடக்கும், ஆறு மட்டும் செந்நிறமாகப் பொங்கும். அதனால் ஒகேனக்கல்லுக்குப் புறப்படும் முன் நம் ஊர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, குடகில் மழையா என்று பாருங்கள்.

இன்னும் சுலபமான வழி நாளிதழ். நம் மாவட்டப் பக்கத்தில் "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று செய்தி வரும். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னதே, அதை அளப்பதும் அங்கேதான். நீர்வரத்து நாளுக்கு நாள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் போதும். ஏறிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஐப்பசிக்குமேல், தை மாதம் வரை, வெள்ளம் வடிந்த நாட்களில் குடும்பத்தோடு போக நன்றாக இருக்கும்.

தடை இருந்தாலும் முழு நாளும் வீண் ஆகாது. முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. திறந்திருந்தால் தொங்கு பாலம், கரையோரம் நீர்மருது மரங்கள். அந்த மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெள்ளம் எத்தனை உயரம் வந்து போகிறது என்பதற்கு அவற்றின் வேர்களும், கிளையில் சிக்கிக் கிடக்கும் சருகும் துணியும் சாட்சி. அதைப் பார்த்த பிள்ளை தடை ஏன் என்று இன்னொரு முறை கேட்காது.

பரிசல் ஏறும் நாள் வந்தால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே ஏறும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். மாட்டியபின் தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் வந்தால் அது வேண்டாம், வேறு கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்குக் கரையிலேயே நின்று பாருங்கள்.

இதே விஷயம் சின்ன அருவிகளில் இன்னும் வேகமாக நடக்கும். காவிரியாவது ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு வருகிறது. மலை ஓடையில் உச்சியில் ஒரு மேகம் கொட்டினால் கால் மணியில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் போய்விட்டான். நன்றாகப் பழகிய, ஊரே குளிக்கிற அருவி அது. தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், இரைச்சல் கூடினால், பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஓடைக்கு நடுவிலுள்ள பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்பது எல்லோருக்கும் ஆசைதான், அதைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. ஆனால் எங்கே போனாலும் நானும் வருவேன் என்கிறார். கூட்டிப்போகலாமா?
— வாசகி, அரூர்

பதில்: கூட்டிப்போங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. கையில் ஒரு நல்ல மூங்கில் தடி, காலில் பின்பட்டி வைத்த செருப்பு. இறங்கும்போது அவருக்கு முன்னால் நீங்கள் இருங்கள், பக்கத்தில் வேண்டாம். பாதி வழியில் நிழலான இடம் பார்த்து அவர் உட்கார்ந்துகொள்ள ஆசைப்பட்டால், துணைக்கு ஒருவர் இருக்கட்டும், தனியாக விடாதீர்கள். இன்னொன்று, பாட்டி இருந்தால் பிள்ளைகள் மெதுவாக நடப்பார்கள். செடியின் பெயரும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவாரை, உசிலை, நுணா எல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: சாப்பிட என்ன கொண்டுபோகலாம்? ஷூ வாங்க வேண்டுமா? பாம்பு பயமாக இருக்கிறது.
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: எலுமிச்சைச் சாதம், வறுத்த வேர்க்கடலை, ராகி உருண்டை, நெல்லிக்காய். பளபளக்கும் பாக்கெட் தீனி வேண்டாம், அதன் சரசரப்பு கேட்டாலே குரங்கு வந்துவிடும். குரங்குக்கு ஒரு வாய் கொடுத்தால் அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது, எவர்சில்வர் பாட்டிலில். கொண்டுபோன எதையும் அங்கே விடாதீர்கள். 2019-இலேயே தடை வந்தும் பிளாஸ்டிக் தட்டும் ஷாம்பு பாக்கெட்டும் ஓடை முழுக்கக் கிடக்கின்றன. பார்க்கவே நெஞ்சு பொறுக்கவில்லை. அருவியில் சோப்பும் சீயக்காயும் வேண்டாம். கீழே மீன் இருக்கிறது, அதற்கும் கீழே ஓர் ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

புது ஷூ வேண்டாம், பள்ளிக்கூட ஷூவே போதும். ஈரப் பாறையில் மட்டும் எந்த ஷூவையும் நம்பாதீர்கள், பாசி எல்லோரையும் வழுக்கும். அருவி நேராக விழும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்த வேண்டாம், மேலிருந்து கல் வரும்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. பாதையைவிட்டு விலகாமல், கையைப் பாறை இடுக்கில் விடாமல், விழுந்த மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கால் வைத்தால் பெரும்பாலும் போதும். ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். மந்திரிக்கிறேன் என்று யாராவது நிறுத்தினால் நிற்காதீர்கள்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா காட்டு வழியாக நடந்துபோக டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். யானையைப் பார்ப்பேனா? பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?
— மாணவி, தேன்கனிக்கோட்டை

பதில்: கண்ணு, உன் ஊர்ப் பக்கம் யானைக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி வழியாக உங்கள் காட்டுக்கு வரும். ஆனால் நடந்து போகும்போது யானையைப் பார்க்காமல் திரும்புவதுதான் நல்லது. பார்த்துவிட்டால் கத்தாதே, ஓடாதே. வழிகாட்டும் மாமா சொல்கிறபடி சத்தமில்லாமல் வந்த வழியே பின்னால் போ. போட்டோ எடுக்க யாராவது நின்றால் நீ அவர் சட்டையைப் பிடித்து இழு.

யானையைப் பார்க்காமலே அதைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதன் சாணியை உற்றுப் பார், என்ன தின்றது என்று தெரியும். மூங்கில் நாரும் விதையும் கிடக்கும். ஆவி பறந்தால் அது பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், உடனே எல்லோரும் திரும்பிவிட வேண்டும். மரத்தில் எத்தனை உயரம்வரை சேறு ஒட்டியிருக்கிறது என்று பார், அங்கே அது முதுகு தேய்த்திருக்கும். அப்புறம் பையில் ஒரு கயிறும் அளவு நாடாவும் வைத்துக்கொள். காய்ந்த சேற்றில் பழைய காலடித் தடம் இருந்தால் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிற்றை வைத்து அள. வட்டமாக இருப்பது முன்னங்கால், கொஞ்சம் நீண்டிருப்பது பின்னங்கால். அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் வரும். கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்து, எத்தனை அடி வந்தது என்று எனக்கு எழுது.